மலையடியில் கடைசி சைட்

எங்கள் தாராபுரத்துப் பக்கம் காடு என்றால் யானை, புலி, சந்தன மரம் எதுவும் கிடையாது. மழையை நம்பி உழுகிற நிலத்துக்குத்தான் காடு என்று பெயர். கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் அது தோட்டம், பாயாவிட்டால் காடு. பருத்தி போட்டிருந்தால் பருத்திக்காடு, சோளம் போட்டிருந்தால் சோளக்காடு, ஒன்றுமே போடாமல் தரிசாகக் கிடந்தாலும் காடுதான். நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு கட்டட இன்ஜினீயரின் ஆபீஸில் படம் வரைகிற வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊரிலிருந்து ஏதோ ஒரு சர்டிபிகேட் வேண்டியிருந்தது. "ஊருக்குப் போன் பண்ணிக் கேளும்மா" என்றார் இன்ஜினீயர். "இப்ப முடியாதுங்க, எங்க பெரியண்ணன் காட்டுல இருப்பாரு, பொழுதோடதான் வருவாரு" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பாரஸ்ட் டிபார்ட்மெண்டா?" என்று கேட்டார். மெட்ராஸ்காரர். பாவம், அவருக்கு எங்கே தெரியும்? பெரியப்பா மகன் கோவணத்தோடு பருத்திக்குக் களை வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தது என் நங்கைதான்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். கூப்பிடும்போது நங்கையா. என் கூடப்பிறந்த அண்ணன் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் பிட்டராக இருந்தார். எனக்கு அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட்டதால் நான் அவர்களோடுதான் இருந்தேன். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். இப்படிப்பட்ட ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட முகம் சுளிக்காத பெண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் கத்தினால் அவள் ஒரு டம்ளர் காப்பியை முன்னால் வைத்துவிட்டு, "குடிச்சுப்போட்டுத் தெம்பாக் கத்து கண்ணு" என்பாள். அதற்கப்புறம் எங்கே கத்துவது?

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. யாரும் வந்து காலி செய் என்று சொல்ல முடியாத ஒரு வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாடகை வீடு, வாடகை வீடாக மாறிக்கொண்டே இருந்தாள். ஒரு வீட்டில் தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டு. இன்னொரு வீட்டில் ஆட்டுக்கல் சத்தம் ஆகாது. உக்கடத்தில் குளத்துப் பக்கமாக நாங்கள் கடைசியாக இருந்த வீடு தேவலை. கொசு பிடுங்கும், அவ்வளவுதான். வீட்டுக்கார அம்மா பாத்திர வியாபாரம் செய்த ஒரு பாய் வீட்டுப் பெரியம்மா, தங்கமான மனுஷி. பெருநாளைக்குப் பிரியாணி வந்துவிடும், நங்கை பொங்கலுக்குப் பச்சரிசியும் வெல்லமும் கொடுத்தனுப்புவாள். ஆனால் அங்கேயும் ஒரு சட்டம் உண்டு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காரை பெயர்ந்துவிடுமாம். நங்கையின் கல்யாணப் படம் வந்த நாளிலிருந்து டிரங்குப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அந்த வீட்டையும் பெரியம்மாவின் மகன் கல்யாணத்துக்கு வேண்டும் என்று கேட்டார்கள். நல்லவர்கள் சொன்னாலும் காலி காலிதான். அன்றைக்கு நங்கை பாத்திரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டே சொன்னாள். "வயசானவங்கதான் சொல்லுவாங்க, ஊடு போ போங்குது, காடு வா வாங்குதுன்னு. எனக்கு இந்த வயசுலயே ஊடு போ போங்குது பாரு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நாளில் அண்ணன் மதுக்கரையைத் தாண்டி ஒரு லே-அவுட் போடுகிறார்கள் என்று தகவல் கொண்டு வந்தார். தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சுண்ணாம்பு பூசிய சைட் கல்தான். நெல்லு, சோளம் விளைந்த இடமெல்லாம் கல் முளைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். சிமெண்ட் லாரிகள் கிளப்பிய தூசியில் புளியமரத்து இலைகூட வெள்ளையாக இருந்தது. ரோட்டிலிருந்து இறங்கி மேற்கே நடந்தால் மண்பாதை நேராகப் போய் மலையடியில் முட்டி நின்றது. கடைசி சைட் அங்கே இருந்தது. அதற்கு அப்பால் ஆள் உயரத்துக்குக் காய்ந்த புல், அதற்கு அப்பால் மலை. கடைசி என்பதால் விலை மலிவு. அண்ணனால் வாங்க முடிந்தது அது ஒன்றுதான்.

நான் சைட்டைப் பார்க்கவில்லை, மலையைத்தான் பார்த்தேன். அடிவாரத்து வேலாமரங்களின் அடிமரம் எல்லாம் இடுப்பு உயரம் வரை கரி. பாறைகள் ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் கறுப்பு. புல்லை விலக்கிப் பார்த்தால் மண்ணிலும் கரித்தூள். புரோக்கரிடம் கேட்டேன்.

"இதென்னங்க, இத்தனை கறுப்பா இருக்குது?"

"அதுங்களா? ஆடு மேய்க்கறவங்க வருஷா வருஷம் பங்குனியில தீ வெச்சு உடுவாங்க. பழைய புல்லு எரிஞ்சாத்தானுங்க புதுப் புல்லு வரும். அது மலையோட நின்னுக்கும், கீழ எறங்காது."

"எறங்காதுன்னு மலை உங்ககிட்டச் சொல்லுச்சுங்களா?"

அண்ணன் என் கையைக் கிள்ளினார். புரோக்கர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டால் வியாபாரம் ஆகுமா? அவர் நங்கையின் பக்கம் திரும்பிக்கொண்டார். "மேக்க மலை இருந்தா யோகமுங்க. கன்னி மூலை ஒசந்து கனமா இருக்கோணும், ஈசானி மூலை எறங்கி இருக்கோணும். இந்தப் பூமிக்கு ஆண்டவனே வாஸ்து பாத்து வெச்சுட்டானுங்க." கன்னி மூலை என்றால் தென்மேற்கு, ஈசானி என்றால் வடகிழக்கு. நங்கை அந்த மூலைக்குப் போய் நின்று பார்த்தாள். காற்று அவள் முந்தானையை மலையிலிருந்து ரோட்டுப் பக்கமாக அடித்தது. எனக்கு அந்தக் காற்றுதான் பிடிக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நல்ல காற்று என்று ஊரெல்லாம் சொல்லும். மலையில் தீ இருக்கிற அன்றைக்கும் அது அப்படியேதான் அடிக்கும்.

லே-அவுட் போட்டவர்கள் மலைக்கும் சைட்டுக்கும் நடுவில் ஒரு வண்டித்தடம் விட்டிருந்தால் போதும். வெறும் மண் தடம். தீ அதோடு நின்றிருக்கும், ஆளும் இரண்டு பக்கமும் ஓட வழி இருந்திருக்கும். ஆனால் அப்படி விட்டால் ஒரு வரிசை சைட் போய்விடுமே. தடத்தைத் தூக்கி நடுவில் போட்டார்கள், வீடுகளைத் தூக்கி மலை மடியில் வைத்தார்கள். இதை அண்ணனிடம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "அம்மணி, அவ மொகத்தப் பாத்தியா?" என்றார். பார்த்தேன்.

சரி, கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் என் கையால் கட்டலாம் என்று படத்தை நானே வரைந்தேன். டிரேசிங் பேப்பரில் மை காய்வதற்குள் எத்தனை சண்டை! மேற்குச் சுவரில் ஜன்னலே வேண்டாம் என்றேன். நங்கைக்கு மலை பார்க்க வேண்டும். கடைசியில் சின்னதாக ஒரு ஜன்னல், அதற்குக் கண்ணாடி இல்லாமல் இரும்புத் தகட்டில் கதவு. கூரைக்கு ஓடு வேண்டாம், ஓட்டுச் சந்தில் ஒரு பொறி நுழைந்தால் உள்ளே இருக்கிற ரீப்பர் கட்டை பிடித்துக்கொள்ளும், கான்கிரீட்தான் என்றேன். முன்னால் ஒரு கீற்றுப் பந்தல் போடலாம் என்று அண்ணன் ஆசைப்பட்டார். பந்தலும் கிடையாது, ஒரு மண்ணாங்கட்டியும் கிடையாது என்றேன். வீட்டைச் சுற்றிப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கி வெறும் வாசலாக வைக்க வேண்டும், முள்ளைக் கொண்டுவந்து வேலி கட்டக் கூடாது, பச்சைக் கிளுவையை நட வேண்டும். இன்ஜினீயர் படத்தைப் பார்த்துவிட்டு, "வீடு கட்றீங்களா, கோட்டை கட்றீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷர்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் தோற்றேன். நங்கையின் அம்மா வீட்டிலிருந்து குடிபுகும்போது சீராக ஒரு மாடு வருவதாக இருந்தது. மாடு வந்தால் கட்டுத்தரை வேண்டும், தட்டு வேண்டும். காய்ந்த சோளத்தட்டை வருஷத்துக்கும் சேர்த்துப் போராக அடுக்கி வைப்பது எங்கள் வழக்கம். அந்தப் போரைக் கிழக்கே ரோட்டோரமாகப் போடச் சொன்னேன்.

"வாசலுக்கு முன்னாடியா? ஒறம்பரை வந்தா என்ன நெனப்பாங்க? ஈசானியில பாரம் ஏத்தக் கூடாது கண்ணு. கன்னி மூலைதான் கனமா இருக்கோணும்."

"நங்கையா, அது மலையைப் பாத்த மூலை. காஞ்ச தட்டைக் கொண்டுபோய்த் தீயோட வாயில வெக்கறீங்க."

"நீதான் ஊட்டையே கல்லுல கட்டிப்போட்டியே. தட்டு எரிஞ்சாப் போவுது. ஊடு நிக்கும்ல?"

அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை என் படத்தின் மேல். படத்தில் சுவருக்கு அளவு உண்டு, ஜன்னலுக்கு அளவு உண்டு. தட்டுப்போருக்கு அளவு கிடையாது, அது எங்கே இருக்கிறது என்று பஞ்சாயத்தும் கேட்பதில்லை. தென்மேற்கு மூலையில் போர் ஏறியது, அதை ஒட்டிக் கட்டுத்தரை வந்தது.

பால் காய்ச்சிய அன்று நங்கை செய்த முதல் வேலை என்ன தெரியுமா? சாமி கும்பிட்டு முடித்ததும் சுத்தியலை எடுத்தாள். பொட்டலம் நிறைய ஆணி வாங்கி வைத்திருந்தாள். கல்யாணப் படத்துக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று, முறத்துக்கு ஒன்று, அண்ணன் சட்டைக்கு ஒன்று. மாட்ட ஒன்றும் இல்லாத இடத்திலும் அடித்தாள். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு, "புதுப் பூச்சுங்க அம்மணி, பெயர்ந்துபோயிருமுங்க" என்றார். "பெயரட்டுங்க. என்ற ஊடு" என்றாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் என் வாழ்க்கையில் ஒரு தரம்தான் பார்த்தேன்.

அங்கிருந்து என் ஆபீசுக்குப் பஸ் சரிப்படவில்லை. நான் டவுனில் ஒரு ஹாஸ்டலில் சேர்ந்துகொண்டேன். சனிக்கிழமை போய்த் திங்கள் காலை திரும்புவேன். முதல் வருஷம் பங்குனியில் மலையில் தீ வந்தது. உச்சிச் சரிவோடு ஒரு கோடாகப் போய் அணைந்துவிட்டது. பாரு, எறங்கல என்று அண்ணன் புரோக்கருக்கு வக்கீலாகப் பேசினார். போரை மாற்றுங்கள் என்று போகும்போதெல்லாம் சொன்னேன். ஒரு கட்டத்தில் மாடுகூட என்னைப் பார்த்தால் திரும்பிக்கொண்டது என்று நங்கை கேலி செய்தாள். தீ ஒருவேளை கிட்டத்தில் வந்தால் வெளியே நிற்காதீர்கள், உள்ளே போய்த் தகட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், புல் தீ பேய் போல வரும், பேய் போலவே போய்விடும் என்று சொல்லி வைத்தேன். சரி கண்ணு, சரி கண்ணு என்றாள். அந்த லே-அவுட்டில் மற்ற வீடுகள் எல்லாம் ரோட்டை ஒட்டித்தான் வந்திருந்தன. நடுவில் காலி சைட்டுகள், மலையடியில் இவள் ஒருத்தி.

அடுத்த வருஷம் பங்குனி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெரியண்ணன் தாராபுரத்திலிருந்து வந்திருந்தார். அண்ணன் பங்குக்கு வந்த காட்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பருத்தி எடுத்து முடித்தாயிற்று, செடியைப் பிடுங்கிக் குவித்திருக்கிறேன், இந்த வாரத்தில் ஒரு நாள் காட்டுக்குத் தீ வைத்துவிடுகிறேன் என்றார். "வெச்ச அன்னிக்கு பூத்துக்குப் போன் போட்டுச் சொல்லி உடறேன். நீ வந்து டிராக்டர் உட்டுப்போடு." பூத் என்றால் ரோட்டு முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத். லே-அவுட்டுக்கே அதுதான் போன். நானும் அன்று அங்கே இருந்தேன். அந்தப் பேச்சை என் காதால் கேட்டேன். அதில் என்ன இருக்கிறது? வருஷா வருஷம் பேசுகிற பேச்சு.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம். இனிமேல் சொல்வது பூத்துக்காரரும் அண்ணனும் அப்புறம் சொன்னவை. நங்கை மலையில் புகையைப் பார்த்திருக்கிறாள். இந்தத் தரம் உச்சியில் இல்லை, நடுச்சரிவில். காற்று கீழ்நோக்கி இருந்திருக்கிறது. அவள் தைரியசாலிதான், இருந்தாலும் பயந்துபோய் ரோட்டு முனை வரை ஓடி வந்திருக்கிறாள். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. அவள் ரோட்டுக்கு வந்துவிட்டாள். தப்பித்துவிட்டாள். அங்கேயே ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தால் போதும். பூத்தில் மில்லுக்குப் போன் போட்டாள். டைம் ஆபீஸில் ஒரு கிளார்க் எடுத்தார்.

"ஏனுங்க, அவர்கிட்டக் காடு எரியுதுன்னு சொல்லிப்போடுங்க. சொன்னா அவருக்குத் தெரியும்."

மலையடியில் பிறந்தவளாக இருந்தால் மலை எரியுது என்று சொல்லியிருப்பாள். அவள் தாராபுரத்துச் சமவெளியில் பிறந்தவள். வீட்டுக்கு வெளியே இருக்கிறதெல்லாம் அவளுக்குக் காடுதான். கிளார்க் நல்லவர், போனை வைத்த உடனே எழுந்து மெஷினுக்குப் பக்கத்திலேயே போய்ச் சொல்லியிருக்கிறார். "உங்க ஊட்டுல இருந்து போனுங்க. காடு எரியுதாம். சொன்னாத் தெரியும்னாங்க."

அண்ணனுக்குத் தெரிந்தது. பெரியண்ணன் சொன்னபடி தீ வைத்துவிட்டார், பூத்துக்குச் சொல்லிவிட்டார், அவள் அதை இங்கே சொல்லிவிடுகிறாள். "ஆமாங்க, இந்த வாரம் வெக்கறேன்னாங்க. எரியட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். டீ டயத்தில் கூட்டாளிகளிடம், ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் விடப் போகிறேன், மழை வந்தால் இந்தத் தரம் சோளம் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தாராம்.

பூத்துக்காரர், "இங்கியே இருங்க அம்மணி" என்றுதான் சொல்லியிருக்கிறார். "மாடும் கன்னும் கட்டிக் கெடக்குதுங்க. அவுத்துப்போட்டு ஊட்டுக்குள்ள போய்ச் சாத்திக்கறேன். அவருக்குச் சொல்லியாச்சு, இப்ப வந்துருவாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். இவர் பூத்தைப் பூட்டிவிட்டு ஆள் சேர்க்க ஓடினார். ரோட்டோர வீட்டுக்காரர்கள் வேப்பந்தழையை ஒடித்துக்கொண்டு வந்து புல்லை அடித்து அணைத்தார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் மாடு அவிழ்த்து விடப்பட்டிருந்தது. அது தனியாக ரோட்டைப் பார்த்து ஓடி வந்தது. கன்றின் கயிறு முடிச்சு விழுந்து இறுகியிருக்க வேண்டும். அவள் குனிந்து அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போர் பிடித்துக்கொண்டது. காய்ந்த சோளத்தட்டுக்கு ஒரு பொறி போதும். அவள் கட்டியிருந்தது நைலக்ஸ் புடவை. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அண்ணன் ஷிப்ட் முடிந்து, வழியில் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு, பொழுதோடதான் வந்து இறங்கினார்.

எனக்கு ஆஸ்பத்திரியில்தான் இதெல்லாம் தெரிந்தது. அண்ணன் வராந்தாவில் புண்ணாக்குப் பையோடு உட்கார்ந்திருந்தார். போன் வந்ததே, ஏன் வரவில்லை என்று கேட்டேன். சொன்னார். அந்த நிமிஷம் அவரைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. கையை ஓங்கிக்கொண்டு போனேன், அதுவும் உண்மைதான். ஆனால் எங்கே அடிப்பது? அவர் இருந்த இடத்தில் நான் இருந்தாலும், என் காதில் அந்த வார்த்தை விழுந்திருந்தாலும், தாராபுரத்துப் பருத்திக்காடுதானே கண்ணில் வந்திருக்கும்? பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பையை அவர் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

நங்கை சில நாட்கள் இருந்தாள். பேச்சு நன்றாக இருந்தது, அதனால் எங்களுக்கு நம்பிக்கையும் இருந்தது. முதலில் கேட்டது கன்றைப் பற்றி. பிழைத்துவிட்டது என்று பொய் சொன்னேன். அப்புறம் கேட்டாள். "ஊட்டுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகல நங்கையா."

"நாந்தான் சொன்னேனே" என்றாள்.

அண்ணன் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். சொல்ல வேண்டாம் என்று நான் எவ்வளவோ தடுத்தேன். காடுன்னியே, நம்ம காடுன்னு நெனச்சுட்டேன் என்று சொல்லிவிட்டுக் கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள். கொசுவலைக்குள் அவள் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, உதடு விடவில்லை.

"உங்க மெட்ராஸ் இன்ஜினீயரு தேவலை கண்ணு. அவராச்சும் பாரஸ்டான்னு கேட்டாரு."

அப்படி ஒரு மனுஷி. சாகக் கிடக்கும்போதும் எங்களைத் தேற்ற ஒரு கேலி அவளிடம் மிச்சம் இருந்தது. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். மறைக்கவில்லை, மறைக்கிற அழுகையாகவும் அது இல்லை.

அவள் போன அன்று காலையில், உடுத்த ஒரு புடவை வேண்டும் என்றார்கள். நான்தான் வீட்டுக்குப் போனேன். மண்பாதை முடிகிற இடம் வரை தரை கறுப்பு. தட்டுப்போர் இருந்த இடத்தில் ஒரு வட்டச் சாம்பல். மேற்குச் சுவரில் புகைக் கறை, ஜன்னல் தகடு ஒரு பக்கம் கொஞ்சம் நெளிந்திருந்தது. அவ்வளவுதான். கதவைத் திறந்தேன். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அடுப்பில் மூடி போட்ட பருப்புச் சட்டி, கல்யாணப் படம், காலண்டர், முறம், ஒன்றும் மாட்டாத ஆணிகள். நான் வரைந்த படம் ஒரு அங்குலம்கூடத் தவறவில்லை. இன்றைக்கும் மலையடியில் வீடு கட்ட என்னிடம் வருகிறவர்களிடம் சுவர், கூரை எல்லாம் அப்புறம், போர் எங்கே, கட்டுத்தரை எங்கே, ஓடுகிற வழி எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன். அன்றைக்கு அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு, நீ எரிந்து தொலைந்திருக்கக் கூடாதா, அவளை விட்டிருக்கக் கூடாதா என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். அப்புறம் பீரோவைத் திறந்து கல்யாணப் புடவையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஊரிலிருந்து வந்தவர்கள் கூடி நின்றார்கள். பெரியண்ணன் வேன் பிடித்து வந்திருந்தார். அவர்தான் பேச்சை எடுத்தார். டவுனில் எரிக்கிற இடத்துக்கெல்லாம் கொண்டுபோக வேண்டாம், எங்கள் அப்பா, அம்மாவை அடக்கி வைத்தது போல இவளையும் சொந்த நிலத்தில் வைக்கலாம் என்பது அவர் எண்ணம். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அண்ணன் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பெரியண்ணன் அவர் தோளில் கை வைத்துக் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"நம்ம காட்டுலயே வெச்சுரலாமாப்பா?"

அண்ணன் தலையை நிமிர்த்தினார். எங்கள் எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எந்தக் காடுங்க?" என்று கேட்டார்.

பெரியண்ணனுக்கு விளங்கவில்லை. யாருக்கும் விளங்கவில்லை. நான் புடவையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தாராபுரத்துக் காடுங்ணா. நம்ம பருத்திக்காடு" என்றேன். அவர் அதை இரண்டாம் தரமும் கேட்டார். நான் இரண்டாம் தரமும் சொன்னேன்.